வாசிக்காத மூன்றாவது ஓலை

1

பிரசங்கம் முடிந்ததும் பங்குச் சாமியார் அறிவிப்புகளைச் சொன்னார். விபூதிப் புதன் பூசை எத்தனை மணிக்கு, தபசு காலத்தில் யார் யார் ஒருசந்தி நோன்பு இருக்க வேண்டும், கோயில் கிணற்றடியில் மாடு குளிப்பாட்டுகிறவர்களுக்கு என்ன தண்டனை என்று எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டு பீடத்துப் பக்கம் திரும்பிவிட்டார்.

இன்னாசிபட்டிக் கோயிலில் இருமல் சத்தம்கூட நின்றது.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சவேரியாயி, தன் மகள் அருளாயியின் முழங்கையைப் பிடித்தாள். ஆண்கள் பக்கத்தில், கம்பத்திலிருந்து விடியக்காலமே வண்டி கட்டி வந்திருந்த மாப்பிள்ளையின் தகப்பன் தொம்மை, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதே என்பதுபோல் சாமியாரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்கி இருந்தது கல்யாண ஓலை.

மறுநாள் அருளாயிக்கும் பொன்னுராஜுக்கும் கல்யாணம். வேதக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தாக வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் மெய்விவாகம் நடக்கப்போகிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சபைக்கு முன்னால் கேட்க வேண்டும். முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவதை வாசிக்கவில்லை என்றால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். யாரோ போய்த் தடை சொல்லியிருக்கிறார்கள். தடை என்றால் சில்லறைச் சமாசாரமா? மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருக்க வேண்டும், அல்லது பெண் வேறெங்கோ வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு இருந்தால்தான் சாமியார் வாயை மூடுவார்.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. புதன்கிழமை தபசு காலம் பிறக்கிறது. அதற்குப் பிறகு, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரைக்கும், கோயிலில் கல்யாணமே கிடையாது.

யார் அந்தத் தடையைச் சொன்னது?

சொன்னவரோ, சாமியாரைத் தவிர அது தெரிந்த ஆள் தான் மட்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தார். தூணை ஒட்டி, தலையைக் குனிந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார் அவர். பெண்ணைப் பெற்ற மிக்கேல்.

2

எல்லாம் ஒரு பூரானில் ஆரம்பித்தது.

தை மாதம் வெற்றிலை மாற்ற வந்திருந்தார்கள் மாப்பிள்ளை வீட்டார். தொம்மையின் அக்காள் செபஸ்தியம்மா கையில் பாயசக் கிண்ணம். கூரையிலிருந்து ஒரு பூரான் நேராக அதற்குள் விழுந்தது. அந்தம்மாள் அலறவில்லை. இரண்டு விரலால் எடுத்துத் தரையில் போட்டுவிட்டு, "பரவால்ல. ஓட்டு வீட்டுல வாழப்போற பிள்ள. கூரையில இருந்து என்னென்ன விழும்னு கடைசியா ஒரு தடவ பாத்துட்டு வரட்டும்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மிக்கேலும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குத் தொண்டைக்குழியில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மறுநாள் காலை மனைவியிடம் சொன்னார். "கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம வீட்டுக்கும் ஓடு போட்டுருவோம்."

"ஏங்க, கல்யாணத்துக்கு இன்னும் எத்தன நாளு கெடக்கு?"

"கொத்தனார் சங்கிலி விரசா முடிச்சிருவான்."

"சங்கிலி நம்ம மாட்டுத்தொட்டிய முடிக்கவே ரெண்டு மழக்காலம் ஆச்சு."

"இந்த மகசூலுக்கு முதக்கதிர ஓட்டுக்குக் கீழதான் கட்டுவேன். மாதாவுக்கு நேந்துக்கிட்டேன், தெரியுமா?"

"மாதா ஓடா கேட்டாக?" என்றாள் சவேரியாயி.

இன்னாசிபட்டியில் அறுவடை தொடங்கினால் முதல் கதிர்க்கட்டு கோயிலுக்குப் போகும். சாமியார் அதை மந்திரித்த பிறகு பாதியைப் பீடத்தில் விட்டுவிட்டு, பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல் நிலைக்கு மேல் கட்டுவார்கள். அந்தக் கதிர் ஓட்டுக்குக் கீழே தொங்க வேண்டும், செபஸ்தியம்மா அதை நிமிர்ந்து பார்க்க வேண்டும். மிக்கேலின் நேர்ச்சையில் மாதாவுக்குப் பாதி, செபஸ்தியம்மாவுக்குப் பாதி.

கூரையைப் பிரித்துப் போட்டார்கள். சுவரை உயர்த்தினார்கள். குடும்பம் மாட்டுக்கொட்டத்துக்குக் குடிபோனது. மலையாளத்துச் சீமை ஓடு ரயிலில் தேனிக்கு வர வேண்டும். வரவில்லை.

மாப்பிள்ளை பொன்னுராஜ் தேனிக்கும் குமுளிக்கும் ஓடுகிற பஸ்ஸில் டிரைவர். ஒவ்வொரு நடைக்கும் தேனி ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் இறங்கி விசாரித்தது அவன்தான். இன்னாசிபட்டி விலக்கில் பஸ்ஸை நிறுத்தி, வயலில் நிற்கிற மாமனாரைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போவான். இல்லை என்று அர்த்தம்.

கல்யாணத்துக்கு முந்திய சனிக்கிழமை வரைக்கும் கை ஆடிக்கொண்டே இருந்தது. வீடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்று சாயங்காலம் மிக்கேல் கோயிலுக்குப் போனார். பீடத்துக்குப் பின்னால் சாமியார் உடுப்பு மாற்றுகிற அறை. உள்ளே சாமியார் மட்டும் இருந்தார்.

"சாமி, நாளைக்கு அந்த ஓலைய வாசிக்க வேண்டாம்."

சாமியார் நிமிர்ந்தார். "தடை ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் இல்ல சாமி. வீட்டுல வேல முடியல. பாஸ்கு கழிச்சு வச்சுக்கிறோம்."

"பந்தல்லதானய்யா கல்யாணச் சாப்பாடு? கூரை எதுக்கு?"

"அது சாமிக்கு விளங்காது" என்றார் மிக்கேல், ரொம்பப் பணிவாக.

"தொம்மைகிட்டச் சொல்லியாச்சா?"

"விடிஞ்சதும் நானே சொல்லிக்கிறேன். நீங்க யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லீராதீக. என் வாயால சொன்னாத்தான் சம்பந்திக்கு மரியாத."

சாமியார் சம்மதித்தார். விபூதிப் புதன் பூசை முடிந்த கையோடு அவர் மலையேறி எஸ்டேட் கிறிஸ்தவர்களைப் பார்க்கப் போக வேண்டும். தபசு காலத்தின் முதல் பாதி அவருக்கு அங்கேதான்.

விடிந்தது. தொம்மையின் வண்டி கோயில் வாசலில் நின்றது. மிக்கேல் சொல்லத்தான் போனார். வண்டியிலிருந்து முதலில் இறங்கியது செபஸ்தியம்மா. பட்டுச்சேலை, கையில் விசிறி. "என்ன சம்பந்தி, இப்பவாச்சும் பூரான் இல்லாத எடமா உக்கார வைப்பீகளா?" என்று கேட்டாள். மிக்கேலின் நாக்கு மடங்கிக்கொண்டது. பூசை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விட்டார்.

பூசை முடிந்தது. வேப்பமரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. தொம்மை நடுவில் நின்றார். மிக்கேல் அவரை நெருங்குவதற்குள், மிக்கேலின் மைத்துனன் முறைக்காரன் பிச்சைமணி குறுக்கே வந்தான். ஊருக்குக் கேட்கிற குரல் அவனுக்கு.

"என்ன மச்சான், பொண்ணுக்குத் தடையாமே?"

"எங்க பக்கம் ஒரு தடையும் இல்ல" என்றார் மிக்கேல்.

அதுவரை பொய் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாக் கண்ணும் தன் மேல் மொய்த்தபோது, அவற்றை வேறெங்காவது திருப்பிவிட வேண்டும் என்ற ஒரே தவிப்பில் இன்னொன்றும் சொன்னார்.

"கேக்க வேண்டியவககிட்டப் போய்க் கேளுங்க."

தொம்மை அதைக் கேட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். யாரிடமும் பேசாமல் வண்டியில் ஏறினார்.

3

'கேக்க வேண்டியவக' என்ற சொல் விபூதிப் புதனுக்குள் உத்தமபாளையம் போய்விட்டது. அங்கிருந்து கம்பம். பொன்னுராஜுக்குக் குமுளியில் ஒரு வீடு இருக்கிறது என்றார்கள். அடுத்த சந்தைக்குள் அந்த வீட்டில் ஒரு மலையாளத்துப் பெண் குடிவந்துவிட்டாள். அதற்கடுத்த சந்தைக்குள் அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பேர்கூட வைத்துவிட்டார்கள்.

"யாருங்க போய்ச் சொன்னது?" என்று மாட்டுக்கொட்டத்தில் தினமும் கேட்டாள் சவேரியாயி.

"எனக்கு என்ன தெரியும்?"

"சாமி எறங்கி வரட்டும். நானே போய்க் கேக்குறேன்."

"பொம்பள போய்க் கேக்குற விசயமா இது? சும்மா கெட."

"அந்தப் பிள்ளையப் பாத்தா ரெண்டு குடும்பம் வச்சிருக்க மூஞ்சியாவா இருக்கு? ஒரு குடும்பம் வைக்கவே வெக்கப்படுறான்."

மிக்கேல் மாட்டுக்கு வைக்கோல் போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவார். பாஸ்கு வந்தால் ஓலை வாசிப்பார்கள், வாசித்தால் ஊர் வாய் தானாக அடங்கிவிடும் என்று அவர் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். அருளாயி எதுவும் கேட்கவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. பிள்ளை பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டார்.

ஓடு வந்து சேர்ந்தது. தேனியிலிருந்து மாட்டுவண்டிகளில் வந்து இறங்கி, சங்கிலியும் ஆட்களும் மேலே ஏறி அடுக்க ஆரம்பித்த மறுநாள் பொன்னுராஜ் வந்தான். விலக்கில் பஸ் நின்றது. ஆட்கள் இறங்கவில்லை. காக்கிச் சட்டையோடு அவன் மட்டும் வயல் வரப்பில் நடந்து வந்தான்.

"மாமா."

"வாங்க மாப்பிள்ள. மோர் குடிக்கிறீகளா?"

"பஸ்ஸுல ஆளுக காத்திருக்காக. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன். யாரு தடை சொன்னது?"

மேலே ஓடு அடுக்குகிற சத்தம் நின்றது.

"ஊரு பேசுறதக் காதுல வாங்காதீக மாப்பிள்ள."

"ஊரு பேசுறது என்னையத்தான மாமா. நான் எப்படி வாங்காம இருக்க? மொதலாளி நேத்துக் கூப்பிட்டு, 'குமுளியில எங்கன தங்குற'ன்னு கேக்குறாக. எங்கம்மா தெருவுல தண்ணிக்குப் போகல. தடை சொன்னவக யாருன்னுகூட வேணாம். 'மாப்பிள்ள மேல குத்தமில்ல'ன்னு நீங்க நாலு பேருக்கு முன்னாடி ஒரு சொல்லு சொல்லுங்க. அது போதும்."

மிக்கேல் மேலே பார்த்தார். சட்டத்தின் மேல் சங்கிலி காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இரண்டு சித்தாட்கள். மூன்று ஜோடிக் கண்களும் கீழே இருந்தன. காரணத்தை இப்போது சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊர் சிரிக்கும். பூரானுக்குப் பயந்து மகள் கல்யாணத்தை நிறுத்தியவன் என்று கல்லறை வரைக்கும் பேர் நிற்கும். சாமியாரிடம் போனதைச் சொல்லாமல் மாப்பிள்ளை மேல் குற்றமில்லை என்று மட்டும் எப்படிச் சொல்வது? அடுத்த கேள்வி, அப்படியென்றால் யார் மேல் என்றல்லவா வரும்?

"பாஸ்கு முடியட்டும் மாப்பிள்ள" என்றார். "எல்லாம் சரியாப் போகும்."

பொன்னுராஜ் மாட்டுக்கொட்டத்து வாசலைப் பார்த்தான். அருளாயி அங்கே சுளகோடு நின்றாள். அவளிடமிருந்து ஏதோ வரும் என்பதுபோல் பார்த்தான். அவள் சுளகில் கிடந்த கல்லைப் பொறுக்கினாள்.

விலக்கில் யாரோ பொறுமை இழந்து பஸ் ஆரனை அமுக்கினார்கள். அவன் திரும்பி வரப்பில் நடந்தான்.

"என்னலே வேடிக்க?" என்று மேலே பார்த்துச் சத்தம் போட்டார் மிக்கேல். "ஓட்ட அடுக்கு."

4

பாஸ்குக்கு முந்திய குருத்து ஞாயிறன்று, பூசை முடிந்து ஊரே தென்னங்குருத்தோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், செபஸ்தியம்மா வந்து இறங்கினாள். இந்தத் தடவை பட்டு இல்லை. கையில் ஒரு தாம்பாளம் இருந்தது.

வீடு முடிந்திருந்தது. செக்கச் சிவந்த ஓடு, சுண்ணாம்புச் சுவர், புது நிலை. செபஸ்தியம்மா வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். மிக்கேல் எதற்காக இத்தனை பாடுபட்டாரோ அது அந்த நிமிஷத்தில் நடந்தது.

"ஓடு நல்லா இருக்கு சம்பந்தி" என்றாள். அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். தை மாதம் பெண் வீட்டார் கொடுத்த வேட்டி, துண்டு, மேலே வெற்றிலை பாக்கு.

"வாங்குனத வச்சாச்சு. எங்க தம்பி வரமாட்டேன்னுட்டான். பொன்னுராஜு பஸ்ஸ விட்டுட்டுப் பீர்மேட்டுப் பக்கம் தோட்டத்து லாரிக்குப் போறேங்கிறான். பாஸ்கு முடிஞ்சதும் கெளம்பிருவான். கல்யாணம் வேணாங்கிறது ஒங்க இஷ்டம். அதுக்கு எங்க பிள்ள பேரக் கெடுத்திருக்க வேணாம்."

அவள் போன பிறகு சவேரியாயி தாம்பாளத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மிக்கேல்தான் அழுதார். புது நிலையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டிய இடம் எல்லாவற்றிலும் சொல்லாத கதையைக் கடைசியில் மனைவியிடம் சொன்னார்.

முழுவதும் கேட்டுவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள். "ஒழுகுற கூரைக்குக் கீழதான் நான் ஒங்களுக்கு வாக்கப்பட்டு வந்தேன். பூரான் மட்டுமா? மொத வருசம் பாம்பே விழுந்துச்சு. எங்கய்யா வந்து ஓடு எங்கன்னு கேட்டாகளா? இல்ல நான் கேட்டேனா?"

"இல்ல."

"பெறகு யாருக்குப் போட்டீக இத?"

அவர் புது நிலையிலிருந்து கையை எடுத்தார்.

"போங்க" என்றாள். "இப்பவே கம்பத்துக்குப் போங்க. சட்டைய மாத்த நிக்காதீக."

5

தொம்மை கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டதும் முகம் கறுத்துவிட்டது.

"இத அன்னைக்கு வேப்பமரத்தடியில சொல்லியிருந்தீகன்னா, நானே ஆளனுப்பி உச்சிப்பொழுதுக்குள்ள கீத்து வேஞ்சு குடுத்திருப்பேனே சம்பந்தி."

பொன்னுராஜ் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். "அந்த ஓட்டுக்காகவா மாமா?" என்றான். "நான்தான ஒவ்வொரு நடைக்கும் எறங்கிப் போய் விசாரிச்சேன்?"

மிக்கேல் தலையைத் தொங்கப்போட்டார்.

"எங்க மானம் கோயில்ல வச்சுப் போச்சு" என்றார் தொம்மை. "அங்கன வச்சே திரும்பி வரணும். சொல்லுவீகளா?"

"சொல்றேன்."

"அதுக்கு மேல எனக்கு ஒண்ணுமில்ல. இவன் விருப்பம்."

எல்லோரும் பொன்னுராஜைப் பார்த்தார்கள். அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டு, "அருளாயி என்ன சொல்றாளோ அது" என்றான்.

மிக்கேலுக்குப் போன உயிர் திரும்பியது. அருளாயி என்ன சொல்லப்போகிறாள்? சரி என்பாள். சொல்லாமலே தெரிந்த சங்கதி; கோயிலில் சொன்ன பிறகு கேட்டால் போதும் என்று வைத்துக்கொண்டார். கம்பத்திலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். கால் வலி தெரியவில்லை.

6

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் பிந்தி வந்ததால் அறுப்பும் பிந்தியது. பாஸ்குக்கு அடுத்த ஞாயிறுதான் கதிர்ப் பூசை. குடும்பத் தலைவர்கள் ஒவ்வொருவராக முதல் கதிர்க்கட்டோடு பீடத்தருகில் போய், கட்டை வைத்துவிட்டு, சபையைப் பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும். இந்த வருஷம் சர்வேசுரன் எனக்கு என்ன செய்தார் என்று.

பிச்சைமணி, தன் எருமை சேற்றில் மாட்டிச் சாகாமல் பிழைத்ததற்கு நன்றி சொன்னான். ஒரு கிழவர், மருமகள் தனிக்குடித்தனம் போனதற்கு நன்றி சொன்னார். சாமியாரே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மிக்கேல் முறை வந்தது. கம்பத்துக்காரர்கள் ஆண்கள் பக்கம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுராஜ் வரவில்லை. ஞாயிறு என்றால் பஸ்ஸுக்கு விடுமுறையா?

கதிரை வைத்தார். சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"நன்றி சொல்ற யோக்கியத எனக்கு இந்த வருசம் இல்ல" என்றார். "எம்மக ஓலைய நிறுத்தச் சொன்னது நான்தான். தடை ஒண்ணுமில்ல. வீட்டுக்கு ஓடு வந்து சேரல. கூரையில்லாத வீட்டுல சம்பந்தி வீட்டாள்கள எறக்க வெக்கப்பட்டு நிறுத்தினேன். கம்பத்துத் தொம்மை மகன் பொன்னுராஜு மேல ஒரு தூசு குத்தமில்ல. கேக்க வேண்டியவககிட்டக் கேளுங்கன்னு நான் சொன்னது பொய்க்குச் சமானம். சபை மன்னிக்கணும்."

பெண்கள் பக்கத்தில் ஒருத்திக்குக் களுக்கென்று சிரிப்பு வந்தது. அது பரவியது. 'ஓட்டுக்கா' என்று யாரோ கேட்டார்கள். கோயில் மொத்தமும் குலுங்கியது. தொம்மையும் சிரித்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. பூசை முடிந்ததும் ஆட்கள் அவர் கையைப் பிடிக்கப் போட்டி போட்டார்கள். குமுளி வீடும் மலையாளத்துப் பெண்ணும் பேர் வைத்த பிள்ளைகளும் அந்த வேப்பமரத்தடியிலேயே காணாமல் போனார்கள்.

இவ்வளவுதானா? இத்தனை நாள் இதற்கா பயந்தோம்? மிக்கேல் பாதிக் கதிரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறக்குறைய ஓடினார். அருளாயி தாய்க்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து, முற்றத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, கேட்டயா? எல்லாம் தீந்துச்சு. தொம்மை அடுத்த ஞாயிறே திரும்ப மொத ஓலையில இருந்து வாசிக்கலாங்கிறாக. மாப்பிள்ள ஒன்னையத்தான் கேக்கச் சொன்னாக. சரின்னு சொல்லிரட்டுமா?"

அவள் கால் நின்றது.

"வேணாம்ய்யா."

"என்ன ஆத்தா சொல்ற? கோவமா எம்மேல?"

"கோவமெல்லாம் இல்ல." அவள் நெல்லையே பார்த்துக்கொண்டு பேசினாள். "அன்னைக்குச் சனிக்கிழமை நான் கோயில்லதான் இருந்தேன். பீடத்துப் பூச்சாடியக் கழுவிக்கிட்டு. நீங்க சாமிகிட்டப் பேசுனது முச்சூடும் கேட்டுச்சு."

மிக்கேல் தோளிலிருந்த கதிரை இறக்கினார்.

"ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும். அம்மாகிட்டக்கூடச் சொல்லல. நீங்களே சொல்லிருவீகன்னு பாத்தேன். சொல்லல. சரி, எங்கய்யா மானம் போகக் கூடாதுன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். அவுக வந்து நின்னாகளே, ஒரு சொல்லுச் சொல்லுங்கன்னு. அப்ப அவுக என்னையப் பாத்தாக. எனக்கு நெஞ்சு வரைக்கும் வந்துச்சுய்யா. சங்கிலி மேல இருந்து பாத்துக்கிட்டு இருந்தான். ஒங்க மொகத்தப் பாத்தேன். கல்லப் பொறுக்கிட்டேன்."

"நீ சின்னப் பிள்ள. இது எந்தப்பு."

"சின்னப் பிள்ளைக்கா கல்யாணம் பேசுனீக? ஆயுசு முழுக்க ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா இருப்போம்னு பீடத்துக்கு முன்னாடி சொல்லணும். சொல்றதுக்கு முன்னாடியே, ஒங்க மானமா அவுக மானமான்னு வந்தப்ப, நான் அவுகள விட்டுட்டேன். அவுக தெருவுல தலைகுனிஞ்சு நடக்கும்போது எனக்குக் காரணம் தெரியும். இனிமே எந்த மொகத்தோட அவுகளுக்குச் சோறு போடுவேன்?"

"அவுகளுக்குத் தெரியவா போகுது?" என்றார் மிக்கேல். "நான் சொல்லப்போறதில்ல. ஒங்கம்மாவுக்கும் தெரியாது. வாய மூடிக்கிட்டு இருந்தாச் சரியாப் போகும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

அருளாயி அவரை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அழுதிருந்தாள். "நீங்க போய் உள்ளதச் சொல்லுங்கய்யா. எனக்கு முன்னாடியே தெரியும்கிறதச் சொல்லுங்க. அதக் கேட்ட பெறகும் அவுக வந்தா வரட்டும்."

7

மத்தியான நடைக்கு பஸ் விலக்கில் நின்றது. எஞ்சின் சூடு ஆறட்டும் என்று பொன்னுராஜ் மூடியைத் திறந்து வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மிக்கேலைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். கோயில் சமாசாரம் அதற்குள் அவனுக்கு எட்டியிருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

"கேட்டீகளா மாமா?"

"கேட்டேன்."

சரி என்கிறாள் என்று சொல்ல ஒரு நொடி போதும். மிக்கேலின் நாக்கு அந்தப் பக்கம்தான் புரண்டது. வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்கு முன்னாடியே தெரியும் மாப்பிள்ள. நான் சாமிகிட்டப் போன அன்னைக்கே தெரியும். நீங்க வந்து நின்னப்பவும் தெரியும். எனக்காக வாய மூடிக்கிட்டா. அத ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னா."

பொன்னுராஜ் பஸ்ஸின் மூடியை இறக்கி, கொக்கியை மாட்டினான். ஒரு தடவை மாட்டியதை மறுபடியும் கழற்றி மாட்டினான்.

"அன்னைக்கு நான் அவளப் பாத்தேன் மாமா" என்றான். "யாரு என்ன பேசுனாலும் பேசட்டும், அவளுக்கு எம்மேல சந்தேகம் இருக்குமோங்கிறது மட்டுந்தான் எனக்குக் கவல. அவ நிமிரல. சந்தேகப்படுறான்னு நெனச்சேன். அதுலதான் தோட்டத்துக்குப் போறதுன்னு முடிவு பண்ணினேன்."

"சந்தேகம் இல்ல மாப்பிள்ள. ஒரு நாளும் இல்ல."

"சந்தேகப்பட்டிருந்தாத் தேவல" என்றான் பொன்னுராஜ். "அதத் தீத்து வச்சிருக்கலாம். தெரிஞ்சே விட்டுட்டாளே."

"கோவம் ஆறட்டும். மெதுவா யோசிச்சு…"

"கோவம் இல்ல மாமா." அவன் கும்பிட்டான். "ஒடம்பப் பாத்துக்கங்க. அவகிட்ட, நான் ஒண்ணும் மனசுல வைக்கலன்னு சொல்லுங்க. திங்கக்கிழம மலைக்கு ஏறுறேன்."

ஏறி உட்கார்ந்தான். கிளீனர் முன்னால் வந்து கைப்பிடியைச் சுழற்றினான். எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது.

பஸ் நகர்கிற நேரத்தில், ஜன்னலோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏங்கய்யா, இந்த வெயில்ல நிக்கிறீக? ஏறலயா?"

"இல்ல ஆத்தா" என்றார் மிக்கேல். "ஒரு சேதி சொல்ல வந்தேன். சொல்லியாச்சு."